பிளக்கைப் பிடுங்கும் காதர் பாய்

எழுத்துச் செயலி எழுதிப் பிழைக்கிறவன் நான். அது ஒழுங்காக ஓடும்வரை நம்மை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் தெரியும்.

சிவப்பு எழுத்து

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் காதர் பாய்தான் என் முதல் வாடிக்கையாளர். இப்போதைக்குக் கடைசி வாடிக்கையாளரும் அவரே. திரையின் அடியில் கட்டளையைத் தட்டினால் பத்திரிகை முழுக்கப் பெயரோ தேதியோ மாறிவிடும். கட்டளை சரியில்லையென்றால் சிவப்பில் 'தவறான கட்டளை' என்று வரும். அதைப் பார்த்ததும் பாய் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பாதி அடித்த பத்திரிகை போயே போச்சு. பிடோக்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து கடைக்கு ஓடினேன். இன்னொரு தடவை இப்படி ஆனால் பழைய செயலிக்கே போய்விடுவேன் என்றவர், கடைசியாகக் கேட்டார்: "காலங்காத்தால கடையைத் தொறந்து உங்க மெஷின்கிட்ட திட்டு வாங்கணுமா தம்பி?"

வாயை மூடினேன்

ரோஷம் வந்துவிட்டது. எந்தப் பிழை வந்தாலும் செயலியே கமுக்கமாக விழுங்கிவிடும்படி மாற்றினேன். சிவப்பும் இல்லை, சத்தமும் இல்லை. கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் ஒரு கல்யாணம் தள்ளிப்போனது. கடையில் டைப் செய்யும் செல்வி அக்கா, தேதியை மாற்றக் கட்டளை தட்டினார். பத்திரிகையில் தேதி எண்ணில் இல்லை, எழுத்தில் இருந்தது. செயலிக்கு அகப்படவில்லை, பிழையை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. மாறிவிட்டது என்று நம்பி அக்கா பெண் வீட்டுக்குச் சரிபார்க்க புரூப் அனுப்ப, பழைய தேதி பெண்ணின் அம்மா கண்ணில் பட்டதால் அச்சுக்குப் போகாமல் தப்பித்தோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா கோபப்படக்கூட இல்லை. "அது திட்டினாக்கூடப் பரவால்ல லா, நடக்கலன்னா நடக்கலன்னு சொல்லணும்ல?"

நின்ற கை

அதைத்தான் திரும்ப உட்கார்ந்து எழுதினேன். கட்டளை தோற்றால் பத்திரிகையில் ஓர் எழுத்தும் அசையாது. தட்டிய கட்டளையும் திருத்துவதற்கு அப்படியே நிற்கும். சிவப்பைத் திரும்பக் கொண்டுவராமல், அக்கா பேசுகிற தமிழிலேயே செய்தி வைத்தேன்.

என் முன்னாலேயே பாய் ஒரு கட்டளை தட்டினார். தோற்றது. பழக்கதோஷம், கை பிளக்குக்குப் போனது. சோலி முடிந்தது என்று நினைத்தேன். திரையில் வந்தது: 'நீங்க தேடுன தேதி இதுல இல்ல. எதையும் மாத்தல. எல்லாம் பத்திரமா இருக்கு.' கை நின்றது. நிதானமாகப் படித்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு, கட்டளையைத் திருத்தித் தட்டினார், தேதி மாறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கும் சேர்த்து தே தாரிக் டீ சொல்லிவிட்டு பாய் சொன்னார்: "இப்பதான் கடையில வேலை பாக்குற ஆள் மாதிரி பேசுது, இருக்கட்டும்."

ஆக, நண்பர்களே, என் திறமைக்கு இனி ஒரே அளவுகோல்தான்: பாயின் கை பிளக் பக்கம் போகிறதா, இல்லையா.