வண்டியின் கழுத்தில் ஒரு பல்லி வால்

அந்த வண்டியை நான் திருமுல்லைவாயிலில் வாங்கினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் பக்கத்தில் அதை ரேஸ் வண்டி என்றுதான் சொல்வார்கள். நூறு சிசி, டூ ஸ்ட்ரோக். ஒரே உதையில் கிளம்பும். பின்னால் வருகிறவன் புகையில் இருமிக்கொண்டே வருவான். இரண்டு மூன்று கை மாறி வந்த வண்டிதான். ஆனாலும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்த எனக்கு அதைவிடப் பெரிய ஆசை அப்போது கிடையாது.

விற்றவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். டேங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஓட்ட வர்ல தம்பி. உனக்கு வயசு கீது, தைரியம் கீது. நீ ஓட்டு" என்றார். இப்படிப் பேசி வண்டி விற்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இடக்கையால் நீட்டினார். நானும் இடக்கைக்காரன். பள்ளிக்கூடத்திலும் பந்தியிலும் அதற்காகத் திட்டு வாங்கியே வளர்ந்தவன். நம்ம ஆள் ஒருத்தர் இங்கேயும் இருக்கிறார் என்று சந்தோஷப்பட்டு, நானும் இடக்கையாலேயே வாங்கிக் குடித்தேன்.

முதல் வாரமே அந்தச் சந்தோஷம் போனது. ஆவடி ரோட்டில் ஸ்பீடோமீட்டர் முள் அறுபதைத் தொட்டதும் ஹேண்டில் பார் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. இறுக்கிப் பிடித்தால் இன்னும் ஆடியது. எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன்.

மண்ணூர்பேட்டையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக், என்னோடு ஒன்றாகப் படித்தவன். அவன் ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இருக்கும் கோன் செட்டை மாற்றினான். முன் சக்கரத்தின் கோட்டம் எடுத்தான். பின்பக்க புஷ் எல்லாம் புதிதாகப் போட்டான். அறுபதைத் தொட்டால் மறுபடியும் அதே ஆட்டம். அந்த லேத்காரர் என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. "ஓட்ட வர்ல" என்று சொன்னது எவ்வளவு பெரிய நடிப்பு! போய் சட்டையைப் பிடிப்பதென்று முடிவு செய்தேன்.

"அப்பால போவலாம் மச்சான், மொதல்ல வண்டிய பிரிப்போம்" என்றான் நண்பன். எனக்கும் ஆசை விடவில்லை. தாழ்வான ஹேண்டில் பார், கறுப்பு சைலன்சர், உடம்பு முழுக்க ரத்தச் சிவப்பு பெயிண்ட் என்று மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன். பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இன்ஜினை இறக்கி, எலும்புக்கூடாக மிஞ்சிய வெறும் சேஸை ஸ்டூல் மேல் சாய்த்து, பழைய பெயிண்ட்டைச் சுரண்டினோம். ஹேண்டில் பொருந்துகிற கழுத்துக்குக் கீழே மட்டும் பெயிண்ட் அப்பளம் மாதிரி தடிமனாகப் பெயர்ந்து வந்தது. அடியில் மேடு பள்ளத்தை மறைக்கப் பூசுகிற பட்டி. பட்டியைத் தட்டினால் அதற்கடியில் வெல்டிங். வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் பாதிக் குழாயைச் சுற்றி ஓடியிருந்தது.

"மாமே, ரெண்டு வண்டிய அறுத்து ஒண்ணா ஒட்டிகீறான்டா! உள்ள ஒரு பைப்புத் துண்டுகூட குடுக்கல பாரு" என்று நண்பன் கத்தினான். "எந்தப் பேமானி அட்ச்ச வெல்டிங்கு இது? அவன் கைய ஒடிக்கணும்."

நான் அதற்கு மேலும் சொன்னேன். வெல்டர் என்கிற முறையில் எனக்கு வந்த ஆத்திரம் அவனுக்கு வந்ததைவிடப் பெரியது. அந்த ஆளின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு, விரிசல் எதுவரை போகிறது என்று பார்க்க வயர் பிரஷ்ஷால் தேய்த்தேன். வெல்டிங் முடிகிற இடம் பளிச்சென்று தெரிந்தது. அங்கே அது சின்னதாக வளைந்து திரும்பியிருந்தது.

என் ஃபோர்மேன் அதற்குப் பல்லி வால் என்று பெயர் வைத்திருந்தார். முடிக்கிற இடத்தில் வெல்டிங் ராடை எடுக்காமல் ஒரு சுழி சுழித்துவிடுவது என் கெட்ட பழக்கம். அதுவும் இடக்கையால் அடிக்கிறதால் வால் மற்றவர்களுக்கு மாறாகத் திரும்பும். "யார் வேலைன்னு கேக்கவே வேணாம், வாலைப் பாத்தாலே போதும்" என்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி சொல்வார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், ஒரு புரோக்கர் துருப்பிடித்த இரண்டு பாதிச் சேஸைக் கொண்டுவந்தது நினைவுக்கு வந்தது. "ஓட்றதுக்கு இல்லபா, சும்மா ஊட்ல நிக்கவைக்கத்தான்" என்றான். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். வீட்டில் நிற்க வைக்கிறதற்கு யார் வெல்டிங் அடிப்பார்கள்? ஒட்டு தாங்குவதற்கு உள்ளே ஒரு குழாய்த் துண்டு கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். சினிமாவுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே அடித்துக் கொடுத்தேன். புரோக்கர் பிரியாணி பொட்டலம் வாங்கிக் கொடுத்தான். ருசித்துச் சாப்பிட்டேன்.

"நான்தான்டா" என்றேன் நண்பனிடம். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு உளியைக் கீழே வைத்தான்.

"உட்ரு மச்சான். யாருக்குத் தெரியப்போவுது? இத வெட்டிப் போட்டுட்டு வேற சேஸ் பாப்போம்" என்றான். நானும் சரி என்றேன். மூன்று நாள் சரி என்றே இருந்தேன். ஆனால் "எனக்கு ஓட்ட வர்ல தம்பி" என்று அவர் சொன்னது மட்டும் காதை விட்டுப் போகவில்லை. அந்த மனிதர் நடிக்கவில்லை. வண்டி ஆடியதைத் தன் குற்றம் என்றே நம்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாலை விரிசலோடு அறுத்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு திருமுல்லைவாயிலுக்கு ரயிலேறினேன். அடி விழும் என்று தெரியும். விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். லேத்காரர் அல்லவா, இரும்பு அவருக்குத் தெரியும். விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதனாலயா ஆடிச்சி?"

"ஆமாண்ணே."

"அப்போ நான் ஒயுங்காத்தான் ஓட்னேனா?"

"ஆமாண்ணே. இத அட்ச்சது நான்தான்" என்று இரண்டாம் முறையாகச் சொன்னேன்.

"அது கெடக்குது, இரு தம்பி" என்று என்னைக் கையமர்த்திவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினார். "இந்தாம்மே, இங்க வந்து பாரு! வண்டிதான் ஆடிகீது! உன்ன நான் தள்ளல! ரெண்டு வருசமா என் பின்னாடி உக்கார மாட்டேன்னு பஸ்ல போய்கினு கீறியே, இப்போ இன்னா சொல்ற?" அவர் கண் கலங்கியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. என்னை அடிக்கவில்லை, என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அவர் மனைவி காப்பி டம்ளரோடு வந்தார். வண்டி வாங்கிய அன்று நான் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. வலக்கை மணிக்கட்டில் கோணி, நெஞ்சோடு மடங்கியே இருந்தது.

"பாடியில வண்டிலேந்து உயுந்ததுலேந்து இந்தக் கை திரும்பல தம்பி" என்று டம்ளரை இடக்கையால் நீட்டினார். "அன்னிக்கும் இப்டித்தான் குட்த்தேன். தப்பா நென்ச்சிக்காதீங்க."

என் இடக்கை வழக்கம்போல் தானாக நீண்டது. அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பழக்கமில்லாத வலக்கையால் வாங்கியதில் பாதிக் காப்பி தரையில் சிந்தியது.