போயிட்டு வாறன்

என் தம்பி மனைவி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பாள். இலங்கைத் தமிழில் அதற்கு ஆமாம் என்று பொருள். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஓம் என்ற சொல் கோயிலுக்குள் மட்டும்தான் கேட்கும். "இன்னாமா, எதுக்கெடுத்தாலும் மந்திரம் சொல்லிக்கினு இருக்கிறே?" என்று தெருவே அவளைக் கிண்டல் செய்தது. நாத்தனாரான என்னை அவள் 'மச்சாள்' என்று கூப்பிட்ட அன்று நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

போர்க்காலத்தில் சிறு பிள்ளையாக அப்பாவோடு படகேறி வந்தவள். கைக்குழந்தையோடு அம்மா அடுத்த படகில் வருவதாக ஏற்பாடு. "நீ போ மகள், நான் பின்னால வாறன்" என்று கரையில் நின்று சொன்னாளாம் அம்மா. அந்தப் படகு புறப்படவே இல்லை. இவள் இங்கே அகதிகள் முகாமில் வளர்ந்தாள். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்கு வேலைக்கு வந்தவளை, அந்தக் கடைக்கு நெய்துகொண்டிருந்த என் தம்பி விரும்பிக் கட்டிக்கொண்டான். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனாலும் சட்டத்துக்கு அவள் இந்த நாட்டுக்காரி ஆகவில்லை.

போன வருடம் இலங்கையில் அவள் அம்மா படுத்த படுக்கையானாள். "ஒருக்கா வந்து முகத்தைக் காட்டு பிள்ளை" என்று போனில் அழுதாள். இவள் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள், சோறு குழைந்துபோனதுகூடத் தெரியாமல். போய்ப் பார்த்துவிட்டு வருவதில் என்ன தடை என்றுதான் நான் நினைத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வெளியேற அனுமதி தரும் அலுவலகத்துக்குத் தம்பியோடும் அவளோடும் நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போடச் சொல்லிவிட்டு விளக்கினார். "ரெண்டு நாடும் இப்போ சேர்ந்துதான்மா பாக்குறாங்க. இவங்க கைரேகை அங்கேயும் போயிடும். ஒரேயடியா போறவங்களுக்குத்தான் இந்த அனுமதி. போனா, திரும்ப விசா கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீனவர்கள் விஷயத்தில் இத்தனை காலம் பேசியும் ஒத்துப்போகாத இரண்டு நாடுகளும், என் தம்பி பொண்டாட்டி விஷயத்தில் மட்டும் கைகோத்துக்கொண்டன. போனால் குழந்தை இல்லை, போகாவிட்டால் அம்மா இல்லை. தம்பி அவள் முகத்தைப் பார்க்காமலே, "நீ போய் அவங்களைப் பாரு. நான் எப்படியாவது உன்ன இங்க கூட்டிக்கிறேன்" என்றான்.

கேமரா முன்னால் உட்கார வைத்தார்கள். 'என் விருப்பப்படி போகிறேன், திரும்பி வரமாட்டேன்' என்று அவள் சொல்ல வேண்டும்.

"நான் என்ர விருப்பத்தோட போயிட்டு வாறன்" என்றாள்.

அதிகாரி பதிவை நிறுத்தினார். "வரேன்னு சொல்லக்கூடாதும்மா. போறேன்னு சொல்லணும்."

"ஓம்" என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் அதையேதான் சொன்னாள். வீம்பு இல்லை, நாக்குக்கு வேறு தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் தெருமுனைக்கு உப்பு வாங்கப் போனாலும் 'போயிட்டு வரேன்'தான். 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால் என் அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள். கரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறாத சொல் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

"இன்னா சார் இது? வூட்ட வுட்டுக் கெளம்புற பொம்பளைய போறேன்னு சொல்லச் சொல்றீங்க. உங்க வூட்ல சொல்லுவாங்களா?" என்று கத்திவிட்டேன்.

"எங்க வீட்லயும் சொல்ல மாட்டாங்கம்மா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "ஆனா இது அப்படித்தான் பதிவாகணும்."

அவள் என் கையைத் தொட்டு நிறுத்தினாள். பிறகு கேமராவைப் பார்த்து, "நான் போறன். திரும்பி வரமாட்டன்" என்றாள். அவள் குரல் பிசிறவில்லை.

எழுந்து கதவுப் பக்கம் வந்தோம். பின்னாலிருந்து அந்த அதிகாரி, "சரிம்மா, போயிட்டு வாங்க" என்றார். பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சட்டென்று குனிந்து மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அங்கே போய் அம்மாவை அவள் உயிரோடு பார்த்துவிட்டாள். கஞ்சி ஊட்டினாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே அம்மாவின் மூச்சு நின்றது. காரியமெல்லாம் முடிந்து அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு விசாவுக்குப் போனால், "வரமாட்டேன்னு நீங்களே சொல்லியிருக்கிறீங்களே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாமாவது குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பாஸ்போர்ட் கேட்டோம். தாயின் குடியுரிமைச் சான்றைக் கேட்கிறார்கள். தம்பி இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான். பாதி நெய்த சேலை அப்படியே தறியில் கிடக்கிறது.

காலையில் நான் குழந்தைக்குத் தலை பின்னும்போது அவள் வீடியோவில் வருவாள். "மச்சாள், வகிடு கோணல்" என்பாள். திரும்ப வாருவேன். குழந்தை பையை மாட்டிக்கொண்டு, "ஸ்கூலுக்குப் போயிட்டு வரேன்மா" என்று சொல்லும். "ஓம் மகள்" என்பாள். பிறகு, "வைக்கிறன்" என்று சொல்லிப் போனை வைப்பாள். எப்போதும் அந்த ஒரு சொல்தான்.

நேற்று குழந்தை விடவில்லை. "நீயும் வரேன்னு சொல்லும்மா" என்று போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவள் வாய் திறந்தது.

"வைக்கிறன் மகள்" என்றாள்.

"அத்தை, அம்மா ஏன் வரேன்னு சொல்ல மாட்டேங்குது?" என்று குழந்தை என்னைக் கேட்டது. ரிப்பன் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, அதை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.