ஒரு முழக் கூரை

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் தெருவில் அவருக்கு 'டேப்பு சார்' என்ற பேர்தான். நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் அளவெடுத்த மனிதர். யாரிடமும் கை நீட்டியதில்லை. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசியதுமில்லை.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபின், வாரம் இரண்டு முறை சிகிச்சைக்குக் காரில் கூட்டிப் போகவேண்டியிருந்தது. இப்படிப்பட்டவரைக் காரிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது அவசரப்பட்டுச் செய்கிற வேலை அல்ல. நாற்காலியைக் கதவோரம் ஒட்டிவைத்து, பிரேக் போட்டு, நிற்கவைத்து, மெல்லத் திருப்பி உட்காரவைக்க ஐந்து நிமிடம் பிடிக்கும். மழையென்றால் அதற்குள் இருவரும் தொப்பலாகிவிடுவார்கள். அதனால் வீட்டின் பக்கவாட்டில் கார் ஷெட் போட முடிவெடுத்து, வரைபடம் கொடுத்து முறையாக அனுமதி வாங்கினார்.

பக்கத்து மனையின் எல்லையிலிருந்து கூரை விளிம்பு ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி. வேலைக்கு வந்த வெல்டர், "சார், தூண் இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். தகரத்தை மட்டும் ஒரு முழம் நீட்டிவிட்டா அம்மா எறங்குற பக்கம் சொட்டு விழாது" என்றார். ஊரார் கூரைக்கெல்லாம் விளிம்பிலிருந்து நூலில் தூக்குக்குண்டு விட்டு அளந்தவர், தன் கூரைக்கு மட்டும் தூணிலிருந்து அளந்து பார்த்துக்கொண்டு, "சரி, நீட்டு" என்றார்.

வேலை முடிந்து பார்வையிட வந்த நகராட்சிப் பெண் ஆய்வாளர் விளிம்பில்தான் தூக்குக்குண்டை விட்டார்.

"சார், நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர் கூடுதலா வந்திருக்கு. வெட்டணும். இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்ததுதான் இப்போது நெஞ்சில் முள்ளாக நின்றது.

பக்கத்து வீட்டில் இருப்பவள் தையல்காரம்மா. கணவர் வாடகை கார் ஓட்டுகிறவர். ஐந்து வருடத்துக்கு முன் அவர்களும் இதே எல்லைச் சுவரோரம், தங்கள் பக்கம், ஒரு கார் ஷெட் போட்டார்கள். சிறுநீரகம் கெட்டுப்போன மாமியாரை வாரம் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. டேப்பு சார்தான் போய் அளந்தார். ஒரு முழம் கூடுதல். "விதின்னா விதிதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாளே தகரத்தை அறுத்தார்கள். சம்மதப் படிவம் என்று ஒன்று இருப்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சொல்லியிருந்தால், கையெழுத்துப் போடவேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் அவரேதான். அண்டை வீட்டுக்குச் சலுகை காட்டினான் என்று அலுவலகத்தில் பேச்சு வந்துவிடக் கூடாதே என்று பயந்தார். அதற்கு நேர்மை என்று பேர் வைத்துக்கொண்டார்.

நான்கு நாள் தள்ளிப்போட்டார். ஐந்தாம் நாள் படிவத்தோடு போய் நின்றார்.

"வாங்க சார். என்ன, என் மெஷினு எல்லை தாண்டிடுச்சா?" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் விஷயத்தைச் சொன்னார். பாதியிலேயே மிதியை நிறுத்திவிட்டுப் படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் படித்தாள்.

"இது புதுசா வந்த விதியா சார்?"

'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா. அப்பவே இருந்துச்சு."

"அப்போ ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

சொன்னபிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. கூசிப்போனார்.

"இருக்குன்னே தெரியாததை எப்படி சார் கேக்கறது? என் மாமியாரைப் பாலித்தீன் தாளைப் போத்தித்தான் எறக்குவோம். போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அந்தக் கடைசி மழைக்காலம் முழுக்க இருமல்."

"படிவத்தைக் குடும்மா. நான் கூரையை வெட்டிடறேன்."

"நல்லாருக்கே! நீங்க வெக்கப்படறதுக்கு உங்க வீட்டு அக்கா நனையணுமா? பேசாம நில்லுங்க." துணியில் குறிபோடும் சுண்ணக்கட்டிதான் முதலில் கையில் வந்தது; அதை வைத்துவிட்டுப் பேனா தேடிக் கையெழுத்துப் போட்டாள். அவர் "மன்னிச்சிடும்மா" என்றார். அவள் படிவத்தை நீட்டிவிட்டு ஊசியில் குனிந்தாள். மெஷின் மறுபடி ஓடியது.

வீட்டில் மனைவி நாற்காலியில் காத்திருந்தாள்.

"போட்டாங்களா?"

"போட்டாங்க."

"அப்புறம் எதுக்கு மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. பேச்சுக் குழறும் அவள், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அவங்க மாமியார்... நனைஞ்சதை... ஜன்னல்ல நின்னு... நான் பாத்திருக்கேன். பாவம்னு... அப்பவே... உங்ககிட்ட... சொன்னேன்."

அதை அவர் மறந்தே போயிருந்தார்.

உள்ளே கூட்டிப் போகக் கை வைத்தார். "விடுங்க" என்று தட்டிவிட்டு, வலக்கையால் மட்டும் சக்கரத்தைத் தள்ளினாள். நாற்காலி ஒரு பக்கமாகவே இழுத்துப்போய்ச் சுவரில் இடித்தது. பின்னுக்கு எடுத்து மறுபடி தள்ளினாள். தொடத் துணிவில்லாமல் அவர் பின்னாலேயே நடந்தார்.