குளத்தில் கரைந்த வச்சிரம்

எங்கள் ஊர்க் குளம் நிரம்பி நான் பார்த்தது இதுவரை நான்கே முறை. முதல் முறை நிரம்பியபோது சித்தப்பா படகு செய்தார். கிணத்துக்கடவுப் பக்கம் படகா என்று ஊரே சிரித்தது. சித்தி பவானிக் கரையில் பிறந்தவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வறண்ட ஊரில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சித்தப்பாவுக்கு டவுனை ஒட்டிய கணபதியில் வேலை. பம்பு வார்க்க மர அச்சு செய்யும் பட்டறை. அச்சை ஒட்டும் பழக்கத்தில் படகையும் வச்சிரம் காய்ச்சி ஒட்டிவிட்டார். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த அந்தப் பசை நனையாதவரை இரும்புப் பிடி. அச்சு எந்தக் காலத்தில் நனைந்தது? படகைக் குளத்தில் இறக்கிய சற்று நேரத்தில், பலகைகளைத் தாங்கிய பதினொரு வளைசட்டங்களில் ஏழு கழன்றன. வச்சிரத்தைத் தின்னக் கெண்டைகள் கூட்டமாக வந்தன. கரையில் குதித்தபடி மீன்களையும் எண்ணப் பார்த்தேன், முடியவில்லை.

"ஞாயித்துக்கெழமை மெதக்கோணும். இல்லாட்டி வெட்டி வெறகாக்கி நெல்லு வேக வெச்சுப்போடுவேன்" என்றார் அப்பா.

"இன்னொரு வாரம் குடுங்கண்ணா."

"மீனுக்கு விருந்து வெச்சது பத்தாதா?"

வீடே பசை தேடியது. ஜாடி விரிசலை அடைக்கும் சுண்ணாம்பையும் முட்டை வெள்ளையையும் அம்மா குழைத்தார். சித்தப்பா பட்டறையிலிருந்து வெள்ளைப் பசையும், இரண்டு டியூபைக் கலந்து பூசும் புதுப் பசையும் கொண்டுவந்தார். தார் பூசலாமே என்றேன். "தாரு ஒழுக்கை நிறுத்தும் கண்ணு, சட்டத்தப் புடிக்காது" என்றார் சித்தி. அந்த வீட்டில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

மூன்று பசையிலும் ஒட்டிய மரத்துண்டுகளைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினோம். மறுநாள் காலை கயிற்றை இழுத்தவன் நான்தான். முட்டைச் சுண்ணாம்பு கையோடு வந்தது. வெள்ளைப் பசை தயிராக இளகி வழுக்கியது. மூன்றாவதை அப்பா வாங்கி, கல்லில் வைத்துக் கோடாலியின் பின்புறத்தால் ஒரே போடு போட்டார். மரம் பிளந்தது, ஒட்டு அப்படியே இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "செரி, ஒட்டிப்போடு" என்றார்.

பழைய வச்சிரத்தை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, மீதி நான்கையும் சேர்த்துப் பதினொரு சட்டங்களையும் புதுப் பசையால் ஒட்டிக் கயிற்றால் கட்டி, பலகை இடுக்குகளில் தார் பூசினோம். மழை வந்துவிடுமோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

ஞாயிறன்று படகு மிதந்தது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. சித்தப்பா கையிலிருந்த துடுப்பைச் சித்தி பிடுங்கிக்கொண்டார். "நீங்க அந்த மூலைல உக்காருங்க, ஆட்டாதீங்க" என்று அவரை அதட்டிவிட்டு, என்னைத் தூக்கி நடுவில் வைத்துக் குளத்தின் குறுக்கே விட்டார். நான் கத்திய கத்தலில் கரையில் நின்ற அப்பாவும் சிரித்துவிட்டார்.

அன்று மாலை, வந்த நாளிலிருந்து பிரிக்காமலே வைத்திருந்த தகரப் பெட்டியைச் சித்தி திறந்தார். ஒவ்வொரு சேலையாக எடுத்து உதறிக் கொடியில் மடித்துப் போட்டார். ஒன்பது சேலைகள். அம்மா ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, மீதமிருந்த டியூபுகளை எடுத்துவர ஓடினேன்.