பீரோவுக்குள் போன அதிரசம்

தீபாவளி முடிந்ததும் எங்கள் வீட்டுப் பலகாரமெல்லாம் பீரோவுக்குள் போய்விட்டது. திண்டிவனத்தில் வேறு எந்த வீட்டிலும் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் அதிரச டப்பா இருந்திருக்காது. காரணம் நானும் தம்பியும்தான். மூன்று நாளாகச் சோற்றைத் தொடாமல் அதிரசமும் மைசூர்பாகுமாகத் தின்று, தம்பி வாந்தியும் எடுத்தாயிற்று. பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் அம்மா சட்டம் போட்டாள்: சாயங்காலம் வீட்டுப்பாடம் முடித்தால் ஆளுக்கு ஒன்று.

பீரோ சாவியை என்னிடம் கொடுத்தாள். எட்டு வயதில் அதைவிடப் பெரிய பதவி ஏது?

"யார் கேட்டாலும் குடுக்காத. உங்கப்பா கேட்டா குடுக்கவே குடுக்காத. அவருக்கு சக்கரை வெசம்."

அப்பா காலையில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிறவர். முந்தின நாள்தான் தலை சுற்றுகிறது என்று நடித்து என்னிடம் ஒரு மைசூர்பாகைக் கறந்துவிட்டார். திட்டு எனக்கு விழுந்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தாள். அப்பா வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை உதறியது.

"பாப்பா, அதிரசம் ஒண்ணு குடும்மா. ஜல்தி."

"இன்னிக்கும் நடிக்கிறியாப்பா?"

தம்பி கைதட்டிச் சிரித்தான். அப்பா கையை நீட்டினார். நான் எட்டி நின்று சாவியை ஆட்டிக் காட்டினேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நாக்குக் குழறியது. நேற்றைவிட நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். கண் திறந்துதான் இருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

நல்ல வேளையாக அம்மா வந்துவிட்டாள். மாவுத்தூக்கை வாசலிலேயே போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கி, அப்பா தலையை மடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள்.

"முழுங்குங்க. என்னப் பாருங்க, முழுங்குங்க."

விஷம் என்றவளே ஊட்டுகிறாளே! அம்மா அப்பாவைக் கொல்கிறாள் என்றே நினைத்து, கத்திக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தள்ளிவிட்டாள்.

கால்மணி நேரத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிட நேரமில்லை என்று முனகினார்.

"ஊசியப் போட்டுக்கினு பட்டினி கெடந்தா சக்கரை எறங்கிடும்னு டாக்டரு சொன்னாரா இல்லியா? கேக்கறதுக்கு வாய் இல்லியா உங்களுக்கு?"

"பாப்பாகிட்ட கேட்டேனே" என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் அழுதுகொண்டே சொன்னேன்: "நீதானம்மா குடுக்காதன்னு சொன்ன."

 அவள் தன் தலையிலேயே படார் படாரென்று அடித்துக்கொண்டாள். அடி எனக்கு விழவில்லை, தப்பித்தேன் என்றுதான் அன்று நினைத்தேன்.