காம்பு பொறுக்குகிறவளின் மகள்

சண்முகவடிவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இத்தனை வருஷமும் ஒரே வேலைதான்: காய்ந்த தூளில் கிடக்கும் காம்பையும் நாரையும் பொறுக்கி வீசுவது. அதனால், ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யும் மகள் தனுஜா போனில் சொன்னது அவளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. உலகத்தில் எங்கும் இல்லாத குளிரில் ஒரே இன அணுக்களைக் கூட்டி வைத்து, அதற்குள் வேறு இன அணுவை வேண்டுமென்றே போடுவார்களாம்.

"நாங்க பொறுக்கி வீசுறத நீ கொண்டுபோய்ப் போடுறியா?"

"அப்பதாம்மா வேடிக்கை. சுத்தி உள்ளதெல்லாம் அத மொய்ச்சுக்கும். அந்தக் கூட்டத்தையும் இழுத்துக்கிட்டுத்தான் அது நகரணும். பாரம் கூடிப்போகும். அதையும் கூட்டத்தையும் சேத்து ஒரே பொருளாத்தான் நாங்க பாப்போம்."

"அப்ப காம்பு எது, தூள் எது?"

தனுஜா சொன்ன பதிலால், ஏற்கெனவே இருந்த குழப்பமும் கூடிவிட்டது.

லீவுக்கு வந்த மகளைப் பொகவந்தலாவை பஸ்ஸிலிருந்து இறக்கி தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வழிநெடுக ஆட்கள் மறித்தார்கள். "எப்ப வந்த? அங்க பனி கொட்டுதா?" பிள்ளைகள் பையைப் பிடித்துத் தொங்கின. அடியெடுத்து வைக்க முடியவில்லை.

"வழிய விடுங்க!" என்று சண்முகவடிவு எரிந்து விழுந்தாள்.

தனுஜா சிரித்தாள். "நான் போன்ல சொன்னேனே, அது இதுதாம்மா."

சண்முகவடிவு தலையாட்டினாள். பிறகு நின்றுவிட்டாள். பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் மகள் இதே வழியில்தான் ஓடினாள். ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"அப்படின்னா, வேற இனம் நீயாடி?"

தனுஜாவின் சிரிப்பு நின்றுபோனது.