முதல் வரிசை இருக்கை

லிஃப்ட்காரருக்கு மனிதர்கள்மேல் இருந்த மரியாதை மாடி மாடியாக இறங்கி, இந்த இருபத்தாறு வருஷத்தில் தரைதட்டிவிட்டது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறி, மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவருவார். பிறகு கீழே வந்து சாவி போட்டுக் கதவை விலக்குவார். நாலு விரல் இடைவெளி விழுந்ததும் முதலில் தெரிவது உள்ளே இருப்பவரின் முகம். ஒரு தடவை, நானூறு பேரை வேலை வாங்கும் பெரிய மனிதர் ஒருவர் மூலையில் குந்தி, கழுத்துப்பட்டையைக் கடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார். கதவு முழுசாகத் திறப்பதற்குள் எழுந்து, கண்ணைத் துடைத்து, "எவ்வளவு நேரம்யா?" என்று லிஃப்ட்காரர்மேலேயே எரிந்து விழுந்தார். கூட மாட்டிக்கொண்டிருந்த துப்புரவுக்காரம்மா மட்டும் "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்படிப் பார்த்துப் பார்த்து, எடுப்பாக உடுத்தி எடுப்பாகப் பேசுகிற யாரைக் கண்டாலும் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'ச்' என்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒரு 'ச்'தான். அதில் பாதிக்கு மேல் மனைவியின் தம்பிக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

தம்பியை எல்லாரும் 'கோச்' என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தவன், திடுதிப்பென்று ஒரு நாள் கன்னத்தோரம் மைக்கை மாட்டிக்கொண்டு, பயத்தை வெல்வது எப்படி என்று கம்பெனி கம்பெனியாக வகுப்பெடுக்கத் தொடங்கினான். "பயம்ங்கிறது வெறும் கதவுதாங்க. தள்ளிப் பாருங்க, திறந்துடும்" என்பான். கூட்டம் கைதட்டும். கதவைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டால் லிஃப்ட்காரருக்குக் குமட்டிக்கொண்டு வரும். கதவைத் தள்ளித் திறக்கப் பார்த்து நசுங்கிப்போன விரல்களை அவர் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்.

தீம் பார்க் போவது கோச்சின் ஏற்பாடு. அவன், அவன் மனைவி, ஒன்பது வயது மகள் குட்டி, அக்கா, அத்தான் என்று ஐந்து பேர். காரணம் பாசம் இல்லை, வீடியோ. அப்பாவும் மகளும் அங்கிருப்பதிலேயே உயரமான ரோலர் கோஸ்டரில் முதல் வரிசையில் உட்கார்ந்து போக வேண்டும்; அதைக் கீழிருந்து படம் பிடித்து, 'என் மகள் பயத்தை வென்ற நாள்' என்று போட வேண்டும். அதற்காக ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு பனியன் அடித்துக் கொண்டுவந்திருந்தான். நெஞ்சில் 'முடியும்!' என்று கொட்டை எழுத்து.

"எனக்கு முடியாது" என்றார் லிஃப்ட்காரர்.

"ஒரு நாள்தானேங்க. எனக்காகப் போட்டுக்குங்க" என்றாள் மனைவி.

போட்டுக்கொண்டார். அளவு பத்தவில்லை. வயிற்றின் மேட்டில் 'மு' ஒரு பக்கமும் ஆச்சரியக்குறி மறுபக்கமும் இழுத்துக்கொண்டு நின்றன.

பார்க் வாசலில் பெரிய மலை ஒன்று, அதில் குகை, குகைக்குள் டிராகன். லிஃப்ட்காரர் போகிறபோக்கில் மலையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் வாளி மாதிரி 'டொக்' என்றது. டிராகனின் தாடை மூடும்போதெல்லாம் கழுத்துக்குள் எண்ணெய் காணாத பேரிங் ஒன்று முனகியது. ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. வரிசை கட்டி நின்று டிராகனின் பல்லைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தகப்பன், அழுகிற குழந்தையைப் பல்லுக்கு நடுவில் உட்காரவைத்து, "சிரி, சிரிச்சாத்தான் இறக்குவேன்" என்று மிரட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட்காரர் 'ச்' என்றார். மனைவி முழங்கையால் இடித்தாள்.

கோச் முன்னால் நடந்தான். ராட்டினத்தைத் தாண்டும்போது "இது குழந்தைங்களுக்கு" என்றான். குழந்தை அதைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"அப்பா, முதல்ல இதுல போலாமா?"

"நம்ம இலக்கு எது குட்டி?"

"பெரிசு" என்றாள் குட்டி, வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில்.

பெரிய கோஸ்டரின் வாசலில் உயரம் அளக்கும் கம்பம் இருந்தது. குட்டி அதன் கீழ் நின்றபோது முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டதை லிஃப்ட்காரர் கவனித்தார். கோச்சும் கவனித்துவிட்டான். "நிமிர்ந்து நில்லு. யாரை ஏமாத்தறே?" என்று தோளைப் பிடித்து நிமிர்த்தினான். கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை இருந்தாள்.

செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். கோச் தன் போனை அக்காவிடம் கொடுத்து, எங்கே நிற்க வேண்டும், எப்போது அழுத்த வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தான். அவன் மனைவி எல்லாருடைய பைகளையும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். குட்டி லிஃப்ட்காரரின் பனியன் ஓரத்தைப் பிடித்தாள்.

"மாமா, நீங்களும் வாங்க."

"வாங்க அத்தான்" என்றான் கோச். "பின்னாடி வரிசையில உக்காருங்க. உங்களுக்கும் ஒரு அனுபவம்."

பாழுங்கிணறு மாதிரி இருட்டான லிஃப்ட் குழிகளில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவருக்கு அனுபவம் தருகிறானாம். ஆனாலும் பனியனைப் பிடித்திருந்த கைக்காக நடந்தார்.

வரிசை ஒரு மணி நேரத்துக்கு நெளிந்தது. பாதி தூரத்தில் ஒரு கல்லூரிப் பையன் கோச்சை அடையாளம் கண்டுகொண்டான். "சார், உங்க வீடியோ எல்லாம் பாப்பேன் சார்!" அவ்வளவுதான், கோச்சுக்கு மைக் இல்லாத குறை தீர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். உடம்பு நடுங்கினால் அது பயம் இல்லையாம், சக்தியாம். தன் மகள் நேற்று வரை அழுதவளாம், இன்று பாருங்களாம். முன்னும் பின்னும் இருந்தவர்கள் குட்டியைப் பார்த்தார்கள். குட்டி கால் கட்டை விரலைப் பார்த்தாள்.

மேடைக்குப் போகும் இரும்புப் படி வந்ததும் கோச்சின் பேச்சு குறையத் தொடங்கியது. தலைக்கு மேல் ஒரு வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு போனது. முப்பது பேரின் அலறல் அதன் பின்னாலேயே போனது. கோச் எச்சில் விழுங்கினான். அடுத்த வண்டிக்கு வாக்கியம் நடுவில் நின்றது. அதற்கடுத்த வண்டிக்கு, சுவரில் இருந்த எச்சரிக்கைப் பலகையை, இதய நோய், முதுகு வலி, ரத்த அழுத்தம் என்று வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை.

லிஃப்ட்காரர் பக்கவாட்டில் எட்டி அந்த முகத்தைப் பார்த்தார். நாலு விரல் இடைவெளியில் தெரிகிற அதே முகம். கல்யாணமான நாளிலிருந்து இவனிடம் பார்க்க வேண்டுமென்று அவர் ஏங்கிய முகம். தித்தித்தது.

மேடை வந்தது. சீருடை போட்ட இளம்பெண் ஒருத்தி முதல் வரிசைக் கதவைத் திறந்தாள். "ரெண்டு பேர், வாங்க."

குட்டி ஒரு அடி வைத்து, அப்பாவின் கைக்காகக் கையை நீட்டினாள். அந்தக் கை வரவில்லை. கோச் திரும்பி, அத்தானின் காதருகில் வந்து, "அத்தான், நீங்க உக்காருங்க. எனக்கு... டாக்டர் வேற சொல்லியிருக்காரு..." என்றான். எந்த டாக்டர், எப்போது, என்ன சொன்னார் என்று கேட்பதற்குள், மறுபக்கம் 'வெளியேறும் வழி' என்று போட்டிருந்த சின்னக் கதவுக்குள் நுழைந்து மறைந்துவிட்டான். தள்ளினால் திறக்கிற கதவுதான்.

கல்லூரிப் பையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"பாப்பாகூட யாருங்க?" என்று சீருடைப்பெண் கேட்டாள்.

லிஃப்ட்காரருக்கு அப்போது சிரிக்கத் தோன்றியது. குழந்தையின் கை இன்னும் நீட்டியபடியே இருந்ததைப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "நான்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

தோளை அழுத்தும் கம்பி இறங்கியது. அவர் பழக்கதோஷத்தில் தன் பூட்டை இழுத்துப் பார்த்தார், குட்டியின் பூட்டையும் இழுத்துப் பார்த்தார். சீருடைப்பெண்ணும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவசரப்படவில்லை, ஒன்றையும் விடவில்லை. வேலை தெரிந்தவள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் மதித்த முதல் ஆள் அவள்.

வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. அடியில் 'டக் டக் டக்' என்று சத்தம். குட்டி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மாமா, அது என்ன சத்தம்? ஏதோ உடையுதா?"

"உடையலடா. கீழ பல்லு பல்லா ஒரு இரும்பு இருக்கு. வண்டியில ஒரு கொக்கி இருக்கு. ஒவ்வொரு பல்லா தாண்டித் தாண்டி விழுது. மேல இழுக்கிற சங்கிலியே அறுந்தாலும் வண்டி ஒரு பல்லு தூரம்தான் பின்னாடி போகும். இந்தச் சத்தம் கேக்கிற வரைக்கும் நம்மளப் புடிச்சிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

"மேல போனதும்?"

"மேல போனதும் சத்தம் நிக்கும். அப்போ நல்லாக் கத்து. நானும் கத்தறேன்."

"நீங்க பயப்படுவீங்களா?"

"பின்ன? தினமும் பயப்படறேன். அதனாலதான் இன்னும் உசுரோட இருக்கேன்."

சத்தம் நின்றது. குட்டி கத்தினாள். லிஃப்ட்காரரும் கத்தினார், தொண்டை கிழிய. ஆச்சரியம் என்னவென்றால், நடுவில் ஓரிடத்தில் குட்டியின் கத்தல் சிரிப்பாக மாறியது. அவர் சிரிக்கவில்லை. குடல் வாய்க்கு வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.

கீழே இறங்கி, வெளிவாசலுக்கு வந்தபோது கோச் அங்கே நின்றுகொண்டிருந்தான். முகம் கழுவி, புதுசாக இருந்தான். அக்காவிடமிருந்து போனை வாங்கியாகிவிட்டது. அவன் மனைவியும் அக்காவும் பக்கத்தில் நின்றார்கள்.

"நீ போகலையாடா?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவதான் அக்கா, கடைசி நிமிஷத்துல மாமாகூடத்தான் போவேன்னு அடம். குழந்தையோட முடிவை நாம மதிக்கணும் இல்லையா? என்ன குட்டி?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். இருபது வருஷத்து 'ச்' எல்லாம் சேர்ந்து ஒரு வாக்கியமாக நாக்கு நுனியில் வந்து நின்றது. அதற்குள் குட்டி முந்திக்கொண்டாள்.

"ஆமா அத்தை. நான்தான் மாமாகூடப் போறேன்னு சொன்னேன்."

குரலில் தடுமாற்றமே இல்லை. வெகுநாள் செய்து பழகிய வேலையைச் செய்கிற மாதிரி சொன்னாள். லிஃப்ட்காரர் குழந்தையைப் பார்த்தார். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தார். அம்மா பைகளின் வார்களை ஒவ்வொன்றாகத் தோளில் சரிசெய்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. இது முதல் தடவை இல்லை என்று அவருக்குப் புரிந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடி வாங்கப் போவது யார் என்பதும் புரிந்தது. விழுங்கிவிட்டார். கசந்தது.

கோச் விடவில்லை. மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினான். போனைத் தூக்கிப் பிடித்தான். அழுத்துவதற்கு முன்னால் விரல்களை விட்டுத் தன் தலைமுடியை நன்றாகக் கலைத்துக்கொண்டான். பிறகு மூச்சு வாங்குகிற மாதிரி, "நண்பர்களே... இப்பதான் இறங்கினோம்! என் குட்டி சாதிச்சுட்டா! எப்படி இருந்துச்சு குட்டி?" என்றான்.

"சூப்பரா இருந்துச்சு" என்றாள் குட்டி, போனைப் பார்த்து.

கழிவறை ஈயைப் பார்க்கிற மாதிரி லிஃப்ட்காரர் அவனைப் பார்த்தார். லிஃப்டுக்குள் அழுத பெரிய மனிதர்கூட எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. அவராவது தன் கண்ணீரைத் தானே துடைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைக் கொண்டு துடைக்கவில்லை.

மாலையில் வண்டி நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது கோச் வேண்டுமென்றே பின்தங்கி அவரோடு சேர்ந்துகொண்டான்.

"அத்தான், மேல நடந்தது... தப்பா எடுத்துக்காதீங்க."

"உன்னத் தப்பா எடுத்துக்கல மாப்ள. சரியாத்தான் எடுத்துக்கிட்டேன்."

கோச் ஒரு கணம் யோசித்துவிட்டு, நகைச்சுவை என்று முடிவு செய்து, பெரிதாகச் சிரித்தான். "அத்தானுக்கு ஜோக்கெல்லாம் வருது அக்கா!" என்று முன்னால் கூவினான். யாரும் திரும்பவில்லை.

ஒரு வாரத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. தூரத்திலிருந்து எடுத்ததால் முதல் வரிசையில் இரண்டு ஆரஞ்சுப் பொட்டுகள்தான் தெரிந்தன. 'என்ன ஒரு தகப்பன்!' என்று முன்பின் தெரியாத ஆயிரம் பேர் எழுதினார்கள். ஆயிரம் பேரையும் சேர்த்து ஒரே 'ச்' என்று தள்ளிவிட்டு, லிஃப்ட்காரர் சாப்பிட உட்கார்ந்தார்.

மனைவி எதிரில் உட்கார்ந்து, போனில் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி அவர் பக்கம் திருப்பினாள்.

"இது நீங்கதான். வழுக்கை தெரியுது."

"என்கூடத்தான் வருவேன்னு குட்டியே சொன்னாளே."

"எனக்குத் தெரியாதா? அவனை இடுப்புல தூக்கி வளத்தவ நான்." போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள். அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, "அடுத்த லீவுக்குக் குட்டியை இங்க கூட்டிட்டு வந்து ஒரு வாரம் வச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

"அவளை மட்டும்னா வரட்டும்" என்றார் லிஃப்ட்காரர்.